'சார்ஜ்' என்ற சொல் ஏற்றும் பாரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அகராதியில் 'சார்ஜ்' என்று தேடினால் மின்னூட்டம், கட்டணம், குற்றச்சாட்டு, பொறுப்பு, பாய்ந்து தாக்குதல் என ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்களாக வருகின்றன. எல்லாம் ஒரே சொல்தானா?

பதில்: ஒரே சொல்தான். லத்தீனில் 'கார்ரஸ்' என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு அதிலிருந்து ஒரு வினைச்சொல் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'கார்', 'கார்கோ' இரண்டும் இதே குடும்பம். ஆக, சார்ஜ் என்றால் முதலில் பாரம். எந்தப் பாரம், யார் தலையில் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலான பொருள்கள் தானாகப் பிரிந்துவிடும். பணத்தைச் சுமத்தினால் கட்டணம், பழியைச் சுமத்தினால் குற்றச்சாட்டு, வேலையைச் சுமத்தினால் பொறுப்பு.

தமிழும் தன் போக்கில் இதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. நாமும் குற்றத்தைச் 'சுமத்துகிறோம்'. 'பொறுப்பு' என்ற சொல்லே 'பொறு', அதாவது தாங்கு என்பதிலிருந்து வந்ததுதான். பல வருடங்களாக மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன், இந்த ஒற்றுமை எனக்கு இன்னும் வியப்பு.

கேள்வி: மின்னூட்டமா, மின்னேற்றமா? ஒரு செயலியைத் தமிழாக்குகிறோம்.

பதில்: தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மின்னூட்டம், இலங்கைப் பாடநூல்களில் ஏற்றம். இயற்பியல் கட்டுரை என்றால் உங்கள் வாசகர் படித்த சொல்லைப் போடுங்கள்.

செயலிக்கு இரண்டும் வேண்டாம். போனை வைத்துக்கொண்டு நாம் என்ன சொல்கிறோம்? 'சார்ஜ் ஏறுது', 'சார்ஜ் இறங்கிடுச்சு', 'பேட்டரியில சார்ஜ் நிக்க மாட்டேங்குது.' பெயர்ச்சொல்தான் கடன்; ஏறு, இறங்கு, நில் எல்லாம் நம்முடையவை. வண்டியில் பாரம் ஏறுவது போலவே பேட்டரியிலும் ஏறுகிறது. 'மின்னேற்றம் செய்யப்பட்டுக்கொண்டிருக்கிறது' என்று திரையை அடைப்பதைவிட 'சார்ஜ் ஏறுகிறது' எவ்வளவோ மேல்.

அப்புறம் ஒரு செய்தி. 1740களில், மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் லேடன் ஜாடியை வைத்து ஆய்வு செய்த அமெரிக்கர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இந்தச் சொல்லை மின்சாரத்துக்கு எடுத்தாண்டார். துப்பாக்கியில் வெடிமருந்து திணிப்பதற்கும் அன்று இதே சொல்தான். பீரங்கி வரிசையைக் குறித்த 'பேட்டரி'யையும் அவர்தான் மின்சாரத்துக்குக் கொண்டுவந்தார்.

கேள்வி: ஒரு கதையில் 'ஹெர் யங் சார்ஜஸ்' என்று வருகிறது. கணினி 'அவளுடைய இளம் கட்டணங்கள்' என்கிறது!

பதில்: இங்கே சார்ஜ் என்பது ஒருவர் பொறுப்பில் விடப்பட்டவர். 'அவள் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள்' என்று எழுதுங்கள். இதில் இன்னொரு கண்ணி உண்டு. 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் பார்த்துக்கொள்பவர். நடுவில் ஒரு 'த' சேர்ந்து 'இன் த சார்ஜ் ஆஃப்' ஆனால் பார்த்துக்கொள்ளப்படுபவர். அந்த ஒற்றை எழுத்தைக் கவனிக்காமல் தாதியை நோயாளியிடம் ஒப்படைத்த மொழிபெயர்ப்பை நானே திருத்தியிருக்கிறேன்.

கேள்வி: குற்றப்பத்திரிகை, குற்றச்சாட்டு இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. இந்திய நடைமுறையில், புலனாய்வு முடிந்து காவல்துறை தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை, அதாவது 'சார்ஜ் ஷீட்'. அதைப் பரிசீலித்து, இன்னின்ன குற்றத்துக்கு விசாரிக்கலாம் என்று நீதிமன்றம் வரையறுப்பது 'சார்ஜ்'. இதற்குத் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் 'குற்றச்சாட்டு வனைதல்' என்பார்கள். பானை வனைவது போல, கிடைத்த மண்ணிலிருந்து உருவம் கொடுப்பது. இவ்வளவு நல்ல சொல் கையில் இருக்கும்போது அதைச் செய்திகளிலும் தாராளமாக எழுதலாம்.

கேள்வி: 'ஃப்ரீ ஆஃப் சார்ஜ்' என்றால் இலவசம்தானே?

பதில்: பெரும்பாலும் சரி. ஆனால் உத்தரவாதக் காலத்தில் பழுது பார்த்துத் தருவதற்குக் 'கட்டணமின்றி' என்பதே பொருந்தும். இலவசம் என்றால் கொடுப்பவரின் தயவு போல ஒலிக்கும். அது வாங்கியவரின் உரிமை.

கேள்வி: 'டிஸ்சார்ஜ்' என்பதற்கு எல்லா இடத்திலும் 'வெளியேற்றம்' போடலாமா?

பதில்: கூடாது. அது பாரத்தை இறக்குவது. என்ன இறங்குகிறது என்று பாருங்கள். பேட்டரியில் சார்ஜ் இறங்கும். ஆலையிலிருந்து கழிவுநீர் வெளியேறும். புண்ணிலிருந்து சீழ் வடியும். வழக்கிலிருந்து ஒருவர் விடுவிக்கப்படுவார். விசாரணை முடிந்து கிடைக்கும் 'விடுதலை' வேறு. மருத்துவமனையிலிருந்து வருபவரை மட்டும் 'வெளியேற்றப்பட்டார்' என்று எழுதிவிடாதீர்கள். அவர் குணமாகி வீடு திரும்புகிறார்.