நெட்டையானவர் விமானத்தில் எந்த சீட்டைக் கேட்க வேண்டும்?

கேள்வி: என் உயரம் 6 அடி 2 அங்குலம். இரண்டு மணி நேர விமானப் பயணம். சென்ற முறை முழங்கால் முன் சீட்டில் இடித்துக்கொண்டே வந்தது. தனியாகப் பணம் கொடுத்தால் கால் நீட்ட வசதியான சீட்டை உறுதி செய்து தருவதாகப் பயண முகவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். விமான நிறுவனத்தின் கணினி காட்டும் இருக்கைப் படத்துக்கு மேல் அவர் கையில் எதுவும் இல்லை. இத்தகையவர்களில் பலர் பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு கோரிக்கையைப் பதிந்துவிட்டு, ‘கன்ஃபார்ம் ஆகிவிட்டது’ என்று செய்தி அனுப்புவதோடு சரி. கோரிக்கை வேறு, ஒதுக்கீடு வேறு. உங்கள் பிஎன்ஆரை நிறுவனத்தின் தளத்தில் நீங்களே இட்டுப் பாருங்கள்; அங்கே சீட் எண் தெரியவில்லை என்றால் உங்களுக்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை என்றே பொருள்.

குறுந்தொலைவுக்குப் பெரும்பாலும் வருபவை போயிங் 737, ஏர்பஸ் ஏ320 வகை விமானங்கள். நடுவே ஒரே நடைபாதை, இருபுறமும் மும்மூன்று சீட்டுகள். வரிசைகளுக்கிடையே சாதாரணமாக 28 முதல் 31 அங்குலம்தான் விடுகிறார்கள் என்பதால் உங்கள் முழங்கால் இடிக்கத்தான் செய்யும். ஆகவே இறக்கை மேலுள்ள அவசர வழி வரிசையைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் நடைபாதையோரமான சி அல்லது டி. முதல் வரிசை வேண்டாம். எதிரே சுவர் இருந்தால் கால் நீள வழியில்லை.

அவசர வழி வரிசையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 737-800, ஏ320 போன்றவற்றில் பல சமயம் இத்தகைய வரிசைகள் அடுத்தடுத்து இரண்டு இருக்கும். முன்னதன் முதுகுப்பகுதி பின்னால் சாய்ந்தால் அடுத்த வரிசையிலிருந்து வெளியேறும் வழி அடைபடும் என்பதால் அதைச் சாயாதபடி பூட்டியிருப்பார்கள். பின்னதற்கு அந்தத் தடை இல்லை. எனவே இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். விமான நிறுவனங்கள் இரண்டுக்கும் ஒரே கட்டணம் வாங்கிக்கொண்டு இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடும் வழக்கம் எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டுகிறது. உட்காரும் வசதியைத் தனிச் சரக்காக விற்பவர்கள், சரக்கின் குறையையும் சொல்லத்தானே வேண்டும்? இன்னொன்று: சில விமானங்களில் இங்கே சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடிந்திருக்கும், கைப்பிடி மேலே தூக்க வராது, சீட்டின் அகலமும் சற்றுக் குறையும். விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் கைப்பை தலைக்கு மேலுள்ள பெட்டிக்குப் போய்விட வேண்டும். தேவைப்பட்டால் கதவைத் திறக்க உங்களால் முடியும் என்று பணியாளர் உறுதி கேட்பார். முழங்காலில் வலி இருப்பதாகச் சொன்னால் வேறிடத்துக்கு மாற்றிவிடுவார்.

வெப் செக்-இன் முடித்த பிறகும் போர்டிங் பாஸில் எண்ணை மறுபடி பாருங்கள். கடைசி நேரத்தில் வேறு விமானம் வந்தால் நீங்கள் பணம் கொடுத்த சீட் கைமாறிப் போகலாம். அந்தப் பணத்தைப் பெரும்பாலும் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கும், ஆகவே ரசீதை வைத்திருங்கள்.