பற்றரி வட்டவாள் ஏன் துள்ளுகிறது?

கேள்வி: கனடாவிலிருந்து வந்த அண்ணா தன் பற்றரி வட்டவாளைச் சார்ஜரோடு தந்துவிட்டுப் போயிருக்கிறார். பற்றரியில் 20 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. பழைய வீட்டைப் பிரித்தபோது எடுத்த பனஞ்சிலாகைகளையும் பலகைகளையும் வைத்து ஆட்டுக்கொட்டில் ஒன்று அடிக்கத் தொடங்கினேன். நீளப் பலகை ஒன்றை இரு முனையிலும் கல் வைத்து நடுவில் அரியும்போது வாள் திடீரென்று துள்ளி என் பக்கம் வந்தது. காலில் படாதது தெய்வச்செயல். கிரைண்டரில் மரம் வெட்டும் தட்டைப் போட்டு அரிந்தால் லேசு என்கிறார் பக்கத்து வீட்டு மேசன். எது சரி?
— வாசகர், கோண்டாவில்

உங்கள் கையில் பிழை இல்லை. அந்த இரண்டு கல்லையும் வைத்த இடம்தான் பிழை.

இரு முனையிலும் தாங்கிய பலகையை நடுவில் அரிந்தால், வெட்டு ஆழமாகிக்கொண்டு போக நடுப்பகுதி தன் பாரத்தாலேயே தொய்யும். தொய்யும்போது வெட்டின் மேல்வாய் மூடும். பிளேட்டை இரு பக்கமும் பலகை இடுக்கி மாதிரிக் கவ்விக்கொள்ளும். வட்டவாளில் பிளேட்டின் முன்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே அரிந்துகொண்டு வரும், பின்பக்கப் பற்கள் மேலிருந்து கீழே இறங்கும். சுழல இடம் இல்லாமற்போனதும் மோட்டரின் விசை முழுவதும் வாளின் உடம்புக்கே திரும்புகிறது. பின்பக்கப் பற்கள் மரத்தில் ஊன்ற, வாள் வெட்டுக்குள்ளிருந்து மேலே கிளம்பி, அரிபவர் நிற்கும் பக்கமாகப் பாய்கிறது. இறுக்கிப் பிடித்து மறிக்கலாம் என்று நினைக்கவேண்டாம். துள்ளியது மூளைக்குத் தெரிவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

ஆகவே சுவிச்சில் விரல் வைக்குமுன் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: அரிந்து முடிந்ததும் எந்தத் துண்டு எந்தப் பக்கம் சாயும்? சிறிய துண்டு கழற்றுவதென்றால் பெரிய பக்கத்தை மேசையிலோ கட்டையிலோ வைத்து இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். வெட்டுக்கோடு தாங்கலுக்குச் சற்று வெளியே இருக்கட்டும், கழற்றும் துண்டு அந்தரத்தில் நிற்கட்டும். அது கீழே சாயச்சாய வெட்டு விரியும், பிளேட் இறுகாது. நடுவில்தான் அரியவேண்டும் என்றால் நான்கு தாங்கல் வேண்டும். முனைக்கு ஒன்று, வெட்டுக்கோட்டுக்கு இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று. அரிந்து முடிந்த பிறகும் இரண்டு பாதியும் அசையாமல் கிடந்தால் நீங்கள் வைத்தது சரி.

இங்கே உதவிக்கு நிற்பவரைப் பற்றியும் சொல்லவேண்டும். பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தம்பிமார், துண்டு விழப்போகிறது என்று கண்டதும் நல்லெண்ணத்தோடு அதைத் தூக்கிக் கொடுப்பார்கள். தூக்கினால் வெட்டின் மேல்வாய் மூடும், வாள் துள்ளும். நடுவில் தொய்ந்தபோது நடந்த அதே சங்கதிதான். பிடிப்பவர் துண்டைத் தாங்கலாம், பலகை மட்டத்துக்கு மேலே உயர்த்தக்கூடாது. அதை வேலை தொடங்குமுன் வாயால் சொல்லிவையுங்கள்.

பிளைவூட் போன்ற அகலமான பலகைக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. நிலத்தில் தடித்த ரிஜிபோம் ஒன்றை விரித்து அதன்மேல் பலகையைப் படுக்கப் போடுங்கள். பிளேட் ரிஜிபோமையும் கொஞ்சம் கீறிக்கொண்டு போகும், போகட்டும். முழுப் பலகையும் தாங்கலில் கிடப்பதால் எந்தப் பக்கமும் தொய்யாது. பற்கள் கீழிருந்து மேலே அரிவதால் சிராம்பு மேல்முகத்தில்தான் கிளம்பும். அதனால் நல்ல முகம் கீழே இருக்கவேண்டும். நேர்க்கோட்டுக்கு, மேசன்மார் பூச்சு மட்டம் பார்க்கும் அலுமினியச் சட்டத்தைக் கிளாம்பில் இறுக்கி, வாளின் அடித்தட்டை அதில் உரசிக்கொண்டு போகவிட்டால் போதும். கோடு நேராக வருவது ஒரு இலாபம்தான். ஆனால் பெரிய இலாபம், வாள் கோணாமல் போவது. கோணியதைப் பாதியில் திருப்பி நேராக்கப்போவது பிளேட் இறுகுவதற்கு அடுத்த பெரிய காரணம்.

பிளேட்டின் ஆழத்தையும் பாருங்கள். மரத்தின் அடிமுகத்துக்குக் கீழே இரண்டு நூல், அதாவது ஏறக்குறைய 6 மில்லிமீற்றர், பிளேட் தெரிந்தால் காணும். முழு ஆழத்துக்கு இறக்கி அரிந்தால் மரத்துக்குள் உரசும் பரப்பு கூடும், கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பல்லும் கூடும். ஆழத்தை மாற்ற, பிளேட் மாற்ற, சிக்கிய தூளை எடுக்க, எதற்கென்றாலும் முதலில் பற்றரியைக் கழற்றுங்கள். வயர் உள்ள வாளில் பிளக்கைப் பிடுங்கியது கண்ணுக்குத் தெரியும். பற்றரி வாள் மேசையில் சும்மா கிடக்கும்போதும் உயிரோடுதான் கிடக்கிறது. பிள்ளைகள் உள்ள வீட்டில் வாள் ஒரு இடத்திலும் பற்றரி வேறு இடத்திலும் இருக்கவேண்டும்.

நிற்கும்போது வெட்டுக்கோட்டுக்கு நேர் பின்னால் நிற்கவேண்டாம். ஒரு பக்கம் தள்ளி, கால் அகட்டி, இரண்டு கையும் இரண்டு பிடியில். பிளேட் முழு வேகம் எடுத்த பிறகே மரத்தைத் தொடவேண்டும். சுழன்றுகொண்டிருக்கும் வாளைப் பின்னுக்கு இழுக்கக்கூடாது. பாதியில் சிக்கினால் சுவிச்சை விட்டு, வாளை அப்படியே அசையாமல் வைத்திருந்து, பிளேட் நின்றபின் பற்றரியைக் கழற்றி, வெட்டில் சின்ன ஆப்பு ஒன்றைச் செருகி விரித்த பிறகு எடுங்கள். நீளவாக்கில் அரியும்போது வாள் கொஞ்சத் தூரம் போனதும், அதேபோல் நிறுத்தி, அதன் பின்னால் வெட்டுக்குள் ஆப்பை வைத்துவிடுவது நல்லது. மாரியில் நனைந்த மரமும், மரக்காலையிலிருந்து வந்த பச்சை மரமும் தாமாகவே வெட்டை மூடும். அவசரம் இல்லையென்றால் காயவிடுங்கள்.

பிளேட்டின் கீழ்மூடி அரிய அரியத் தானாக ஒதுங்கி, வெளியே வந்ததும் தானாக மூடிக்கொள்ளவேண்டும். கோடு தெரியவில்லை என்று அதைக் கம்பியால் கட்டிவைத்திருக்கும் வாள்களை ஊரில் கண்டிருக்கிறேன். கட்டிய வாளை நிலத்தில் வைத்தால், ஓய்ந்துகொண்டிருக்கும் பிளேட் அப்படியே ஓடி வரும். ஒவ்வொரு நாளும் தொடங்குமுன், பற்றரி இல்லாமல், மூடியை விரலால் ஒதுக்கி விட்டுப்பாருங்கள். தூள் சிக்கி மெதுவாக மூடினால் துடைத்துவிட்டுத்தான் வேலை.

இனி உங்கள் பனஞ்சிலாகை. பனைக்கு வயிரம் வெளிப்பக்கத்தில், சோத்தி உள்ளே. அந்தக் கறுப்பு நார் பிளேட்டின் பல்லை வெகு விரைவில் மழுக்கும். மழுங்கிய பிளேட் அரியாது, தேய்க்கும். புகை மணம் வந்தால் நிறுத்துங்கள். கார்பைட் என்ற மிகக் கடினமான பல் வைத்த, 24 பல்லுள்ள பிளேட் சிலாகைக்குப் போதும். 40 பல் பிளேட்டைப் பிளைவூட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது நடுத்துளையின் அளவு வாளுக்குப் பொருந்துகிறதா, பிளேட்டில் எழுதியிருக்கும் உச்ச வேகம் வாளின் வேகத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்ச்சியால் செதுக்கிய பழைய சிலாகையின் முகம் மேடு பள்ளமாக இருக்கும், அடித்தட்டு அதில் படியாமல் ஆடும். படிகிற முகம் கிடைக்காவிட்டால் அந்தச் சிலாகையைக் கைவாளால் அரியுங்கள். ஒரு ஆட்டுக்கொட்டிலுக்கு எத்தனை சிலாகை வேண்டும்? 165 மில்லிமீற்றர் பிளேட் போடும் வாள் நேர்வெட்டில் இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேலேதான் இறங்கும், ஆதலால் தடித்த வளைகளுக்கு எப்படியும் கைவாள்தான்.

பழைய மரத்தில் கறள் பிடித்த ஆணி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். நம் பக்கத்து மரத்தில் அதைவிட ஒன்றும் இருக்கலாம்: சண்டைக்காலத்துச் சன்னமும் செல் துண்டும். பனை தன் காயத்தை மூடி வளராத மரம், துளை வெளியே தெரியும். வேம்பும் பலாவும் அப்படியல்ல, பட்டை வளர்ந்து மூடிவிடும். பல மரங்களில் இரும்பு புதைந்த இடத்தைச் சுற்றி மரம் கருநீலமாகக் கறுத்திருக்கும், அது ஒரு அடையாளம். காந்தத்தை வெட்டுக்கோட்டின் வழியே உருட்டிப் பார்த்தால் மேலோட்டமாக உள்ள இரும்பு அகப்படும். ஈயமும் செம்பும் காந்தத்தில் ஒட்டா. மரக்காலைக்காரர் கையில் பிடிக்கும் உலோகங்காட்டி வைத்திருந்தால் ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். கார்பைட் பல் உலோகத்தில் பட்டு உடைந்தால் அது முகத்துக்கு நேரே பறக்கும். கண்ணாடி போடாமல் பழைய மரத்தை அரிவது கண்ணைப் பணயம் வைப்பது, அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

மேசன் சொன்ன யோசனையை விட்டுவிடுங்கள். நாலு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். உங்கள் வாள் ஏறக்குறைய அதில் பாதி வேகம். வேகத்தைவிட மோசம், கிரைண்டரில் அடித்தட்டு இல்லை, தானாக மூடும் கீழ்மூடி இல்லை, பல்லுள்ள தட்டு சிக்கும்போது பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. கல்லும் இரும்பும் உரசித் தேய்க்கச் செய்த கருவி அது. மாபிள் கட்டரில் மரத்தட்டுப் போடுவதும் இதே சாதிதான். அடித்தட்டு இருக்கிறது என்பதற்காக அது வட்டவாள் ஆகாது. கொட்டிலுக்குப் பழைய அஸ்பெஸ்டஸ் சீற் போடுவதாக இருந்தால் அதை எந்த மெசினாலும் வெட்டவேண்டாம். அந்தத் தூசு புற்றுநோய் தருவது.

சாரமும் செருப்புமாக இந்த வேலைக்கு நிற்கவேண்டாம். நீளக் காற்சட்டை, சப்பாத்து, காதுக்கு அடைப்பான், மூக்குக்கு மாஸ்க். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிடலாம், கையில் கட்டிய கேதாரகௌரிக் காப்பை யாரும் கழற்றமாட்டார்கள். தொங்கும் நுனியை உள்ளே மடித்து, மேலே துணிப் பிளாஸ்ரர் சுற்றி ஒட்டிவிடுங்கள். முதிரை அரிவதாக இருந்தால் கைத்தோலையும் மூடுங்கள், அந்த மரத்தூள் சிலருக்குக் கடியும் சொறியும் தரும்.

வெட்டுப்பட்டால் கோப்பித்தூள், மஞ்சள் ஒன்றும் வேண்டாம். சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசு இல்லை. விரல் துண்டாகிவிட்டால் துண்டை ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸுக்குள் வையுங்கள். ஐஸ் நேரே சதையில் படக்கூடாது. சின்னக் காயம் என்றாலும் ஏற்பு ஊசி போட்டது எப்போது என்று யோசியுங்கள்.

சார்ஜரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பிளக்கில் சொருகுமுன் அதன் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டை வாசியுங்கள். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. தகட்டில் 100 முதல் 240 வரை என்று இருந்தால் பிளக்கின் வாயை மாற்றும் அடப்டர் மட்டும் போதும். 120 என்று மட்டும் இருந்தால், அடப்டரோடு சொருகிய உடனேயே அது எரிந்துபோகும். அதே நிறுவனம் 230 வோல்ட் நாடுகளுக்குச் செய்த, உங்கள் பற்றரி வகைக்கு ஏற்ற சார்ஜரை வாங்குங்கள், அல்லது லண்டன் சொந்தக்காரர் யாரும் வந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். பற்றரியில் உள்ள 20 வோல்ட்டைப் பார்த்துக் குழம்பவேண்டாம். உள்ளே ஐந்து செல் தொடராக இருக்கிறது. முழுதாகச் சார்ஜ் ஆனதும் அளந்தால் ஏறக்குறைய 20, வேலை செய்யும்போது சராசரி 18. வட அமெரிக்காவில் சில நிறுவனங்கள் முதலாவதை எழுதுகின்றன, மற்ற இடங்களில் பெரும்பாலும் இரண்டாவதை. வெயிலில் வேலைசெய்து சூடேறிய பற்றரியை உடனே சார்ஜில் போடாமல் நிழலில் ஆறவிடுங்கள். 40 பாகை செல்சியஸ் தாண்டினால் சார்ஜ் போடவேண்டாம் என்பதே பொதுவான அறிவுறுத்தல், சித்திரை மாதத் தகரக் கொட்டிலுக்குள் அந்தச் சூடு மத்தியானத்துக்கு முன்பே வந்துவிடும்.