யூகாஸ் பெட்டியும் பெர்சனல் ஸ்டேட்மென்ட்டும்: கேள்வி பதில்

பிரிட்டனில் இளநிலைப் படிப்புக்கு யூகாஸ் (பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களை ஒரே இடத்தில் வாங்கி அனுப்பும் அமைப்பு) வழியாக விண்ணப்பிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், பெர்சனல் ஸ்டேட்மென்ட்டை, அதாவது அந்தப் படிப்புக்கு ஏன் பொருத்தமானவர் என்று மாணவரே எழுதித் தருவதை, யூகாஸ் தளத்தில் உள்ள பெட்டிகளில் ஏற்றுவது பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, என் அண்ணன் ஒரே கட்டுரையாக எழுதினான். எனக்கு மூன்று பெட்டிகள் வருகின்றன. சரியான பக்கத்தில்தான் இருக்கிறேனா? (சென்னை மாணவர்)

சரியான பக்கம்தான் தம்பி. 2026 சேர்க்கையிலிருந்து முறை மாறிவிட்டது. முன்பு 4,000 எழுத்து அல்லது 47 வரி, எது முதலில் முடிகிறதோ அதோடு நிறுத்த வேண்டும். இப்போது மூன்று கேள்விகள்: இந்தப் படிப்பு ஏன், இதுவரை படித்தது அதற்கு எப்படித் தயார்ப்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள் என்பதும் அது ஏன் பயன்படும் என்பதும். மூன்றுக்கும் சேர்த்து அதே 4,000. ஒவ்வொன்றிலும் குறைந்தது 350 இருக்க வேண்டும். மூன்றையும் சமமாகப் பிரிக்கத் தேவையில்லை, சொல்ல நிறைய இருக்கும் இடத்தில் நீளமாக எழுதுங்கள். மூன்று பதில்களையும் சேர்த்துத்தான் படிப்பார்கள், அதனால் ஒன்றில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்ல வேண்டாம்.

வேர்டில் துணைத்தலைப்புகளைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். ஒட்டியதும் எல்லாம் போய்விட்டது. (கொழும்பு மாணவி)

போகத்தான் செய்யும். அந்தப் பெட்டி வெறும் எழுத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும். தடிப்பு, சாய்வு, அடிக்கோடு எதுவும் நிற்காது. அதற்குப் பதிலாக நட்சத்திரக் குறிகளோ முழுக்கப் பெரிய எழுத்துகளோ போடாதீர்கள், படிப்பவருக்கு இடைஞ்சல். கேள்விகளே தலைப்பாக இருக்கும்போது துணைத்தலைப்பும் தேவையில்லை. புத்தகப் பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் வைத்தால் போதும். வேர்டிலிருந்து நேராக ஒட்டாமல் நோட்பேடில் ஒருமுறை போட்டு எடுத்து ஒட்டுங்கள். பிறகு வளைந்த மேற்கோள் குறி, நீளக் கோடு எல்லாம் ஒழுங்காக வந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

வேர்ட் 3,990 என்கிறது, தளம் கூடுதலாகக் காட்டுகிறது. எதை நம்புவது? (கோவை மாணவி)

தளத்தை. இடைவெளி, முற்றுப்புள்ளி, காற்புள்ளி எல்லாமே எழுத்தாகத்தான் எண்ணப்படும். பத்தி பிரிக்க என்டர் தட்டுவதும் அதில் சேரும். வேர்ட் அந்த என்டரை எண்ணாது, வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான். இதற்காகப் பத்திகளை எல்லாம் ஒட்டிவிடாதீர்கள். மூச்சுவிட இடமில்லாத ஒரே பத்தியைப் படிப்பது கொடுமை. வெட்ட வேண்டியது வெற்றுச் சொற்களை. ‘ஃப்ரம் எ வெரி யங் ஏஜ்’ என்று தொடங்கினால் ஆங்கிலத்தில் இடைவெளியோடு 21 எழுத்து போய்விடுகிறது, உங்களைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. ‘ஐ ஹேவ் ஆல்வேஸ் பீன் ஃபாசினேட்டட் பை’ இன்னும் மோசம், 32 எழுத்து. இரண்டையும் எடுத்துவிட்டு, நீங்கள் செய்த ஒரு சோதனையையோ படித்த ஒரு கட்டுரையையோ நேராகச் சொல்லித் தொடங்குங்கள். எண்ணிக்கையும் குறையும், ஆளும் தெரிவார்.

மகள் ஐந்து பல்கலைக்கழகங்களுக்குப் போடுகிறாள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத முடியுமா? (லண்டனிலிருந்து ஓர் அம்மா)

முடியாதுங்க. ஒரே ஸ்டேட்மென்ட்தான் ஐந்துக்கும் போகும். எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் அதில் போட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

பெட்டியிலேயே நேராக எழுதலாமா?

வேண்டாம். கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தால் தளம் வெளியேற்றிவிடும், சேமிக்காதது போய்விடும். வெளியே எழுதி வைத்துக்கொண்டு ஒட்டுங்கள்.

போன வருடம் இடம் கிடைத்த அண்ணாவின் ஸ்டேட்மென்ட் என்னிடம் இருக்கிறது. சில வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா? (யாழ்ப்பாண மாணவர்)

ஒரு வரிகூட வேண்டாம் தம்பி. ஏற்கனவே வந்த ஸ்டேட்மென்ட்டுகளோடு யூகாஸ் ஒப்பிட்டுப் பார்க்கிறது, ஒற்றுமை அதிகம் தெரிந்தால் பல்கலைக்கழகங்களுக்குத் தகவல் போகும். செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்ததை உங்களுடையதாகக் கொடுப்பதையும் யூகாஸ் ஏற்பதில்லை. அண்ணா எப்படிப் பத்தி பிரித்திருக்கிறார் என்று மட்டும் பாருங்கள், அது போதும்.

அனுப்பிய பிறகு எழுத்துப்பிழை கண்ணில் பட்டது. திருத்த முடியுமா?

அனுப்பிவிட்டால் தளத்தில் ஸ்டேட்மென்ட்டை மாற்ற வழியில்லை. ஓர் எழுத்துப்பிழைக்காக யாரும் உங்களை ஒதுக்கமாட்டார்கள், கவலைப்படாதீர்கள். பொருளே மாறும் அளவுக்குத் தவறு என்றால் பல்கலைக்கழகங்களுக்கு நேராக எழுதிக் கேளுங்கள்.

கடைசி நாள் எந்த ஊர் நேரம்?

பிரிட்டன் நேரம், மாலை 6 மணி. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம் என்றால் அக்டோபர் மத்தியில் முடிந்துவிடும், அப்போது இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு 10:30. பெரும்பாலான மற்றப் படிப்புகளுக்கு ஜனவரி மத்தி, அப்போது 11:30. பள்ளி வழியாக விண்ணப்பிப்பவர்களுக்கு ஆசிரியரின் பரிந்துரை சேர்ந்த பிறகுதான் விண்ணப்பம் போகும், அதனால் பள்ளி சொல்லும் தேதி இன்னும் முன்னாலேயே இருக்கும்.