ஈயம் உக்கிப் போகாது: வளவு மண்ணும் கிணற்று நீரும் பற்றிய கேள்வி பதில்

யாழ்ப்பாணத்து வளவுகளிலும் கிணறுகளிலும் சேரும் ஈயம், கழிவு ஒயில் முதலியவற்றை எப்படி அகற்றுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (கோண்டாவில்): அண்ணா, எங்கள் வளவில் முன்பு குடியிருந்தவர் பழைய பற்றரி உடைத்து ஈயம் உருக்கியவர். அந்த இடத்தில் கத்தரி நடலாமா? சூரியகாந்தி நட்டால் ஈயத்தை உறிஞ்சிவிடும் என்கிறார்களே?

பதில்: கத்தரி இப்போதைக்கு வேண்டாம். சூரியகாந்திக் கதை அணு உலை வெடித்த செர்னோபிலில் இருந்து வந்தது. 1994இல் அங்கே ஒரு குளத்தில் மிதவைகளில் அதை வளர்த்து, நீரில் கரைந்திருந்த கதிரியக்கச் சீசியத்தையும் ஸ்ட்ரோன்சியத்தையும் வேர்களால் எடுத்தார்கள். மண்ணோடு ஒட்டிய ஈயம் அப்படி வராது. சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணில் அது லேசில் கரையாது, செடிக்குள்ளும் ஏறாது.

உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் ஈடிடிஏ என்ற இரசாயனத்தை ஊற்றினால் ஈயம் கரையும். ஆனால் செடி எடுப்பது கொஞ்சம்தான், மிச்சம் சுண்ணக்கல் வெடிப்புகள் வழியே கிணற்றுக்கு இறங்கும். எங்கள் ஊருக்கு அந்த முறையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

முதலில் மண்ணைச் சோதியுங்கள். உருக்கிய இடத்து மேல்மண்ணை நனைத்து, தூசி கிளம்பாமல் அகற்ற வேண்டும். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதை மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். மிஞ்சிய மண்ணில் பொசுபேற்றுப் பசளை கலந்தால் ஈயம் அதோடு சேர்ந்து எளிதில் கரையாத கனிமமாகும். எப்பாவல பாறைப் பொசுபேற்று எங்கள் மண்ணில் மெதுவாகத்தான் வேலை செய்யும், கடையில் வாங்கும் ரி.எஸ்.பி. (மும்மைச் சுப்பர் பொசுபேற்று) பசளை விரைவு, ஆனால் சில ரி.எஸ்.பி.யில் கட்மியம் என்ற நச்சு உலோகமும் கலந்திருக்கும். சோதனையில் ஆசனிக் என்ற நஞ்சும் தெரிந்தால் பொசுபேற்றுப் போடாதீர்கள், அது ஆசனிக்கைக் கிளப்பிவிடும். கடைசியில் மேலே நல்ல மண் பரப்பிப் புல் வளருங்கள். ஈயம் அங்கேதான் இருக்கும், ஆனால் பிள்ளைகளின் கைக்கும் வாய்க்கும் வராது.

கேள்வி (சுன்னாகம்): கிணற்று நீரில் எண்ணெய் மணம். கொதிக்க வைத்தால் போதாதா?

பதில்: போதாது அம்மா. கொதித்தால் கிருமி சாகும், அவ்வளவுதான். ஈயமும், பசளையிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் வரும் நைத்திரேற்றும் நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். உங்கள் ஊரில் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது நினைவிருக்கும். மணம் இருக்கும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு நீர் எடுங்கள்.

எண்ணெயில் ஒரு நல்ல விஷயம், பற்றீரியா அதைத் தின்னும். எண்ணெய் ஊறிய மண்ணைப் பரப்பி, ஈரம் காத்து, கொஞ்சம் பசளை போட்டு, காற்றுப்பட அடிக்கடி கிளறினால் மாதக் கணக்கில் குறையும். கீழே கசியாதபடி தளம் போட்டுத்தான் செய்ய வேண்டும். ஆனால் பழைய என்ஜின் ஒயிலில் உள்ள உலோகத்தை எந்தப் பற்றீரியாவும் தின்று தீர்க்காது.

கேள்வி (கொக்குவில்): நீரை நுண்சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் ஆர்ஓ மெஷின் வாங்கலாமா?

பதில்: சோதனையில் ஈயம் லீற்றருக்கு 10 மைக்ரோகிராமையோ நைத்திரேற்று 50 மில்லிகிராமையோ தாண்டினால் வாங்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவுகள் அவை. மெஷின் கழித்துவிடும் நீரில் எல்லாம் செறிந்திருக்கும். அதைக் கிணற்றடியில் விட்டால் வாங்கிய பலனே இல்லை.

கேள்வி (சாவகச்சேரி): தேத்தாங்கொட்டை, முருங்கை விதை போட்டால் நீர் சுத்தமாகுமா?

பதில்: கலங்கலைத் தெளிவிக்கும். சேற்றோடு ஒட்டிய உலோகமும் ஓரளவு அடியில் படியும். கரைந்திருப்பதற்கு அதை நம்பக்கூடாது.

கேள்வி (நல்லூர்): குளத்து ஆகாயத்தாமரை உலோகத்தை எடுக்குமாமே ஐயா, அறுத்து ஆட்டுக்குப் போடலாமா?

பதில்: எடுக்கும் தம்பி, அதனால்தான் போடக்கூடாது. கழிவு நீர் சேரும் குளமென்றால் கூட்டுப்பசளைக்கும் ஆகாது. அறுத்துக் கரையில் குவித்துவிட்டுப் போகிறார்கள், அது அழுகி அடுத்த மாரி மழையோடு திரும்பக் குளத்துக்குள்ளேயே போகிறது. அறுத்த அன்றே அகற்ற இடமில்லையென்றால் அறுக்கத் தொடங்காதீர்கள்.