பைத்தான் பக் ரிப்போர்ட்: அண்ணாச்சி பதில்கள்

கேள்வி (பாளையங்கோட்டை): அண்ணாச்சி, 600 வரி பைத்தான் புரோகிராம்ல பக் (பிழை) வருது. பைத்தானைச் செய்யுதவங்களுக்கு அப்படியே அனுப்பவா?

பதில்: ஒருத்தனும் படிக்க மாட்டான் தம்பி. காப்பி எடுத்துப் பாதியை வெட்டி ஓட்டு. பக் இன்னும் வந்தா மிச்சத்துல பாதியை வெட்டு. வராட்டி வெட்டினதைத் திருப்பி வச்சிட்டு மத்த பாதியை வெட்டு. ஆறேழு வெட்டுல பத்து வரிக்கு வந்துரும். டேட்டாபேஸ், ஃபைல் எதுவும் இருக்கக் கூடாது. தகராறு பண்ணுத மதிப்பை கோடுக்குள்ளயே எழுதிரு. ராண்டம் எண் இருந்தா சீட் (ஒவ்வொரு தடவையும் அதே எண்களை வர வைக்குத தொடக்க மதிப்பு) குடு. வெளி லைப்ரரியை எடுத்ததும் பக் போயிட்டா, அந்த லைப்ரரிக்காரன்ட்ட சொல்லு. அப்புறம் புது விர்ச்சுவல் என்விரான்மென்ட்ல (மத்த லைப்ரரி கலக்காத தனி இடம்), பைத்தானோட கடைசி வெர்ஷன்ல ஓட்டு. அங்கயும் வந்தா வெர்ஷன் நம்பர், ஓஎஸ், ஓட்டின கமாண்ட், என்ன வரணும், என்ன வந்துச்சு எல்லாம் எழுது.

கேள்வி (வள்ளியூர்): 0.1, 0.2 கூட்டினா 0.30000000000000004 வருதே?

பதில்: பக் இல்ல. பைனரியில 0.1 முழுசா அடங்காது. ஜாவாஸ்கிரிப்ட்லயும் இதே விடைதான். காசுக் கணக்குக்கு டெசிமல் மாட்யூல்.

கேள்வி (தென்காசி): எரர் ஸ்கிரீன்ஷாட் போதுமா?

பதில்: போட்டோவை ஓட்டிப் பாக்க முடியுமா? எழுத்தா ஒட்டு, ட்ரேஸ்பேக் (எந்தெந்த வரி வழியா எரர் வந்துச்சுன்னு பைத்தான் காட்டுத பட்டியல்) முழுசும்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): 'நெல்லை'க்கு லென் (நீளம் எண்ணுத கட்டளை) 6 காட்டுது. மூணு எழுத்துதானே?

பதில்: பைத்தான் எண்ணுதது யூனிகோட் கோட்பாயின்ட் (எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனியாக் குடுத்த எண்): ந, கொம்பு, ல, புள்ளி, ல, ஐகாரக் குறி. கண்ணுக்கு முன்னால நிக்கிற கொம்பு மெமரியில ந-வுக்குப் பின்னாலதான். ரீஜெக்ஸ்ங்கிற வெளி லைப்ரரியில பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் போட்டா, கண்ணுக்குத் தெரியுத எழுத்தா எண்ணி மூணு வரும். நியாயமா சண்டை போடணும்னா பைத்தானோடவே வருத, எழுத்துத் தேடுத ரீ மாட்யூலோட போடு: சொல்லைப் பிடிக்குத பேக்ஸ்லாஷ் சின்ன டபிள்யூ, பிளஸ் குடுத்தா 'நெல்லை' ந, ல, ல-ன்னு உடையுது.

குறுக்கே (கடையநல்லூர்): ரீ மாட்யூல் டாக்குமென்ட்ல இஸ்ஆல்நம் (எழுத்தா, எண்ணான்னு பாக்குத கட்டளை) சொல்லுததுதான் கணக்குன்னு இருக்கு. அதன்படிதான் நடக்குது. பக் எப்படி?

பதில்: நீரு சொல்லுதது சரி வே, கோடு டாக்குமென்ட்டை மீறல. ஆனா யூனிகோடோட யூடிஎஸ் 18 (எழுத்துத் தேடலுக்கான தரம்) கொம்பு, புள்ளி மாதிரி துணைக்குறிகளையும் சேர்க்கச் சொல்லுது. டாக்குமென்ட்டே தமிழை உடைக்குதுன்னா அதுவும் புகார்தான்.

கடையநல்லூர்: மாத்தினா பழைய புரோகிராம் எத்தனை உடையும்?

பதில்: அதனாலதான் இழுத்துக்கிட்டுக் கிடக்கு. 2011-லயே பதிவான விஷயம். புதுசாப் புகார் திறக்காதீங்க, அந்தப் பழைய புகார்லயே தமிழ் உதாரணத்தைச் சேருங்க. மூடின புகார்களையும் சேர்த்துத் தேடிட்டு எழுதுங்க.

கேள்வி (சங்கரன்கோவில்): 0.1-ஐ மூணால பெருக்கினா 0.3 வரலியே?

பதில்: வள்ளியூருக்குச் சொன்னதைப் படி.

கேள்வி (நாங்குநேரி): ஸ்கிரீன்ஷாட்...

பதில்: வேண்டாம்!

கேள்வி (திசையன்விளை): ட்ரேஸ்பேக்கே இல்லாம செக்மென்டேஷன் ஃபால்ட்னு புரோகிராம் பொட்டுன்னு விழுந்துருது.

பதில்: இப்பத்தான் ஒரு உருப்படியான கேள்வி. பைத்தானோடவே வருத ஃபால்ட்ஹேண்ட்லரை எனேபிள் பண்ணி ஓட்டு, எந்த வரியில விழுந்துச்சுன்னு காட்டும். சிடைப்ஸோ (சி மொழிக் கோடை நேரடியாக் கூப்பிடுத மாட்யூல்) வெளி சி எக்ஸ்டென்ஷனோ (சி-யில எழுதின லைப்ரரி) இல்லாமலே விழுந்தா கிட்ஹப் தளத்துல சிபைத்தான் (நாம வழக்கமா ஓட்டுத பைத்தான்) பக்கத்துல எழுது; 2022-லேருந்து அங்கதான் வாங்குதாங்க. வெளியாள் அனுப்புத டேட்டாவால விழுதுன்னா பொதுவுல போடாதே, பைத்தான் செக்யூரிட்டி டீமுக்குத் தனியா மெயில் பண்ணு.