அறுபத்தைந்து கோல்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நடந்த ஆண்கள் ஹேண்ட்பால் (பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம்) போட்டியைப் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்தேன். அந்த இரண்டு வாரங்களில் நெஞ்சு படபடக்கப் பார்த்தது இந்த ஒரு விளையாட்டைத்தான் என்று சொல்லியிருந்தீர்கள். அதை நம்பி, டென்மார்க்கும் ஜெர்மனியும் மோதிய இறுதி ஆட்டத்தின் பதிவை முழுவதும் பார்த்தேன். 39-26. கூட்டினால் 65 கோல்கள். நிமிடத்துக்கு ஒன்றுக்கும் மேல். பத்தாவது கோலுக்குப் பிறகு என்னால் மகிழவும் முடியவில்லை, வருந்தவும் முடியவில்லை. கால்பந்தில் ஒரே ஒரு கோலுக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்புதானே கோலுக்கு மதிப்பைத் தருகிறது? இன்னொன்று: தடுப்பவர்கள் எதிரணிக்காரரைக் கட்டிப்பிடித்து நிறுத்துகிறார்கள், நடுவர் பேசாமல் நிற்கிறார். எது ஆட்டம், எது தவறு என்றே விளங்கவில்லை. நான் எதைப் பார்க்கத் தவறினேன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்பதையும் நேராக எழுதியதற்கு நன்றி. எந்த ஆட்டத்தைப் பார்க்கலாம் என்று நான் குறிப்பில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது பிழைதான். இறுதி ஆட்டம் என்பதால் நீங்கள் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள்; யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அந்தப் போட்டியின் நாக் அவுட் சுற்றில் நடந்த எட்டு ஆட்டங்களில் ஆறு, ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் முடிந்தவை. காலிறுதியில் டென்மார்க் ஸ்வீடனை 32-31 என்று வென்றது. ஸ்பெயின் எகிப்தைக் கூடுதல் நேரத்தில் 29-28 என்று தாண்டியது. ஜெர்மனி பிரான்ஸை, அதுவும் கூடுதல் நேரத்தில், 35-34 என்று வீழ்த்தியது. அரையிறுதிகள் 25-24, 31-30. வெண்கலத்துக்கான ஆட்டம் 23-22. இறுக்கமில்லாமல் முடிந்தவை இரண்டே இரண்டு. நார்வேயை ஸ்லோவேனியா ஐந்து கோல்களில் வென்றது ஒன்று. மற்றது நீங்கள் பார்த்தது.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். காத்திருப்புதான் கோலுக்கு மதிப்பைத் தருகிறது என்கிறீர்கள். சரியான பேச்சு. ஹேண்ட்பாலிலும் காத்திருக்கிறோம், ஆனால் வேறொன்றுக்காக.

ஓர் அணிக்கு ஒரு மணி நேர ஆட்டத்தில் ஏறக்குறைய ஐம்பது முறை பந்து கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிக்கும் சற்று மேலாகக் கோலாகும். தாக்கும் அணி கோல் போடுவது எதிர்பார்க்கப்பட்ட காரியம். எதிர்பார்க்காதது கோல் விழாமல் போவது. கோல்கீப்பர் தடுக்கிறார், பாஸ் பறிபோகிறது, பந்து கம்பத்தில் பட்டுத் திரும்புகிறது. ஆட்டத்தின் போக்கைத் திருப்புபவை இவைதான். தன்னை நோக்கி வரும் பந்துகளில் மூன்றில் ஒன்றை நிறுத்தினால் அவர் நல்ல கோல்கீப்பர். ஐந்தில் இரண்டை நிறுத்திவிட்டால் அந்த நாள் அவருடையது. நீங்கள் 65 கோல்களை எண்ணினீர்கள். அடுத்த முறை தடுப்புகளை எண்ணிப் பாருங்கள். கால்பந்துக் கோலுக்குக் காத்திருப்பது போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பீர்கள்.

அந்த மனிதர் நிற்கும் இடத்தை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் கொண்ட கோல். அதைச் சுற்றி ஆறு மீட்டரில் ஒரு வளைகோடு. அந்த வளைவுக்குள் அவர் ஒருவர்தான் நிற்கலாம். ஆனால் தாக்குபவர் கோட்டுக்கு வெளியே காலூன்றி எம்பிப் பாய்ந்து, தரையில் இறங்குவதற்குள் பந்தை எறியலாம். அதாவது நான்கைந்து மீட்டர் தொலைவிலிருந்து, காற்றில் மிதக்கும் ஒருவரின் கையிலிருந்து, மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும் வேகத்தில் பந்து வருகிறது. கோல்கீப்பருக்குக் கையுறை கிடையாது. பந்து வருவதைப் பார்த்துவிட்டு அசைய அவருக்கு நேரமும் கிடையாது. எறிபவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு இவற்றிலிருந்து முன்கூட்டியே படித்தாக வேண்டும். எறிபவரோ கடைசிக் கணம் வரை மணிக்கட்டை ஒளித்துவைக்கிறார். முன்னால் கைகளைத் தூக்கி நிற்கும் தடுப்புச் சுவருக்கும் இவருக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு: கோலின் ஒரு பக்கத்தை அவர்கள் கைகளால் மறைப்பார்கள், மறுபக்கம் இவர் பொறுப்பு. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், சில கோல்கள் கோல்கீப்பரின் தோல்வியே அல்ல, சுவரின் தோல்வி என்பது தெரியும்.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டம் இப்படியொரு தடுப்பில்தான் முடிந்தது. கிழக்கு ஜெர்மனியும் சோவியத் யூனியனும். சொந்த மண், சொந்த ரசிகர்கள், வலிமையான அணி என எல்லாம் சோவியத் பக்கம். கூடுதல் நேரத்தில் கிழக்கு ஜெர்மனி 23-22 என்று முன்னால் இருக்கிறது. கடைசி நொடிகளில் சோவியத் வீரர் எறிந்த பந்தை கோல்கீப்பர் வீலாண்ட் ஷ்மிட் நிறுத்திவிட்டார். அந்த ஆட்டத்தில் 45 கோல்கள். தங்கத்தைத் தீர்மானித்தது கோலாகாமல் போன ஒரு பந்து.

கோல்கீப்பர்களைப் பற்றிப் பேசும்போது ஆந்த்ரே லவ்ரோவைச் சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. 1988 சியோலில் சோவியத் யூனியனுக்காகத் தங்கம் வென்றார். 1992 பார்சிலோனா வருவதற்குள் அந்த நாடே இல்லாமல் போய்விட்டது. ஒருங்கிணைந்த அணி என்ற பெயரில், ஒலிம்பிக் கொடியின் கீழ் மீண்டும் தங்கம். 2000 சிட்னியில் ரஷ்யாவின் கொடியை ஏந்தி அணிவகுப்பில் முன்னே நடந்தார், அங்கும் தங்கம். அதற்கும் நான்கு ஆண்டுகள் கழித்து, 42 வயதில், ஏதென்ஸில் வெண்கலம் பெற்றார். கொடி இரண்டு முறை மாறியது, கோலில் நின்ற ஆள் மாறவில்லை.

கட்டிப்பிடிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நேருக்கு நேர் நின்று, மடக்கிய கைகளால் எதிரணிக்காரரைத் தொட்டுத் தடுப்பது அனுமதிக்கப்பட்டது. பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ இழுப்பதும், எறியும் கையைப் பிடிப்பதும், காற்றில் இருப்பவரைத் தள்ளுவதும் தவறு. சாதாரணத் தவறென்றால் பாதிக்கப்பட்ட அணிக்கே பந்தைக் கொடுத்து (ஃப்ரீ த்ரோ) ஆட்டத்தை உடனே தொடர்வார்கள். நடுவர் பேசாமல் நிற்பதாக உங்களுக்குத் தோன்றியது அதனால்தான். தவறு கடுமையானதென்றால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். ஒருவருக்கு மூன்றாவது முறை இது நேர்ந்தால் அவருக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. ஓர் ஆள் குறைந்து ஆடும் அந்த இரண்டு நிமிடங்களைக் கவனியுங்கள், பல ஆட்டங்கள் அங்கேதான் சாய்கின்றன. சும்மா பாஸ் செய்து நேரத்தைக் கடத்தவும் முடியாது. நடுவர் கையை உயர்த்தி எச்சரித்த பிறகு நான்கு பாஸ்களுக்குள் எறிந்தாக வேண்டும்.

இப்போது, நீங்கள் பார்க்க வேண்டிய ஆட்டம். 2024 ஆகஸ்ட் 7, லீல் நகரம், பிரான்ஸ்–ஜெர்மனி காலிறுதி. பிரான்ஸ் நடப்புச் சாம்பியன்; சொந்த நாட்டில் ஆடுகிறது. பிரான்ஸ் வீரர் நிக்கோலா கராபாத்திச்சுக்கு 40 வயது. மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் வென்றவர், இந்தப் போட்டியோடு ஓய்வு என்று அறிவித்துவிட்டார். முடிய இன்னும் பத்து நொடிகூட இல்லை. பிரான்ஸ் 29-28. பந்தும் பிரான்ஸின் கையில். பயிற்சியாளர் டைம் அவுட் கேட்கிறார். செய்ய வேண்டியது ஒன்றுதான்: பந்தை இழக்காமல் வைத்துக்கொள்வது. ஆட்டம் தொடங்குகிறது. நெருக்கடியில் பிரான்ஸின் டிக்கா மெம் கொடுத்த பாஸை ஜெர்மனியின் யூலியான் கோஸ்டர் வழிமறிக்கிறார். பந்து ரெனார்ஸ் உஷ்சின்ஸிடம் போகிறது. 22 வயது இளைஞர். மணி ஒலிப்பதற்குள் எறிகிறார், கோல். 29-29. கூடுதல் நேரத்தில் ஜெர்மனி வென்றது. கராபாத்திச்சின் கடைசி ஆட்டம் இப்படித்தான் முடிந்தது. நான் அதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அந்தப் பாஸ் மெம்மின் கையை விட்டுப் போகும்போது இன்னமும் "வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். டிக்கா மெம் அந்த அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பத்தாவது கோலுக்குப் பிறகு எதுவும் உறைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஸ்வீடனின் கணக்கை உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தை அவர்கள் நான்கு முறை ஆடியிருக்கிறார்கள். 1992இல் 20-22. 1996இல் 26-27. 2000இல் 26-28. 2012 லண்டனில் 21-22. நான்கிலும் சேர்த்து அவர்கள் போட்டவை 93 கோல்கள், வாங்கியவை 99. ஆறே கோல்களில் நான்கு தங்கங்கள் போயின. சாதாரண அணியும் அல்ல. 1990இலும் 1999இலும் உலகச் சாம்பியன். ஸ்டஃபான் ஓல்சனும் ஓலா லிண்ட்கிரெனும் முதல் மூன்று இறுதிகளுக்கும் சென்ற அணிகளில் இருந்தவர்கள், மூன்று வெள்ளி பெற்றவர்கள். லண்டனில் அதே இருவரும் பயிற்சியாளர்களாகப் பெஞ்சில் இருந்தார்கள். ஒரு கோலில் நான்காவது வெள்ளி. அந்த இருவருக்கும் ஒவ்வொரு கோலும் நினைவிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

லீல் காலிறுதியைப் பார்த்த பிறகு அந்த 2012 இறுதியையும் தேடிப் பாருங்கள். 43 கோல்கள்தான். பிரான்ஸின் கோலில் தியரி ஒமேயர் நிற்கிறார். ஸ்கோர் பலகையை விட்டுவிட்டு அவர் கால்களையும் கைகளையும் மட்டும் பின்தொடருங்கள். முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்: அவர் நிறுத்தியவற்றில் எந்தப் பந்து உங்களை எழுந்து நிற்க வைத்தது என்று.

அன்புடன்.