அது கிடக்கட்டும் என்றீர்கள்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் தமிழ் மேடை நாடகங்களை இயக்குபவள் நான். பலதுறைத் தொழிற்கல்லூரிக் காலத்து நண்பர் எழுத, நான் இயக்குவது எங்கள் வழக்கம். தமிழ்மொழி விழாவை ஒட்டி நாங்கள் மேடையேற்றிய முழுநீள நாடகம் தோற்றது. இடைவேளைக்குப் பின் பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தன.

உரிமத்துக்காகத் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்துக்குப் பிரதியை அனுப்பவேண்டிய நாள் நெருங்கும்வரை அவர் எழுதிக்கொண்டே இருந்தார். தந்தையும் மகளும் பேசும் சாப்பாட்டு மேசைக் காட்சி இருபது நிமிடம் இழுக்கிறது என்பது முதல் வாசிப்பிலேயே எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. தோற்றபின் ஒளியமைப்பையும் நடிகர்களையும் குறை சொன்னாரே தவிர, பிரதியைத் தாமதமாகத் தந்ததை ஒப்புக்கொள்ளவே இல்லை. சொன்னால் கேட்கிற மனிதரும் அல்லர். அடுத்த நாடகத்தை வேறோர் இயக்குநரிடம் கொடுத்திருக்கிறாராம், 'அவர் முகத்துக்கு நேரே குறை சொல்வார்' என்று காரணமும் சொன்னாராம்; அது கிடக்கட்டும். இவ்வளவு தாமதம் செய்தவரோடு நான் இனியும் இணைந்து பணியாற்ற வேண்டுமா?

– ஓர் இயக்குநர், ஈசூன்

அன்புள்ள சகோதரிக்கு,

கிடக்கட்டும் என்று நீங்கள் தள்ளிய செய்தியைத்தான் நான் கையில் எடுக்கப்போகிறேன். இணைந்து பணியாற்றலாமா என்று கேட்கிறீர்கள். அவரோ ஏற்கெனவே வேறிடம் போய்விட்டார். தாமதத்தை மூன்று முறை எழுதிய நீங்கள், இதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். உங்களைத் தூங்கவிடாதது எது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சொன்னால் கேட்கமாட்டார் என்கிறீர்கள். ஆனால் நீங்கள் சொன்னதாகக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லையே! உங்களுக்குத் தெரிந்த குறையை அவரே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, கண்டுபிடிக்காததை அவர் குற்றமாக்குவது நியாயமன்று. தாமதம் அவர் தவறுதான். நடிகர்கள்மேல் பழிபோட்டதும் தவறுதான். இருந்தாலும், அந்த இருபது நிமிடக் காட்சி உரிய நாளில் வந்திருந்தாலும் இருபது நிமிடமாகத்தான் இருந்திருக்கும்.

கெட்ட செய்தியை உரியவரிடம் சொல்ல மனிதர்கள் தயங்குவதைப் பற்றி ரோசன், டெசர் என்ற உளவியலாளர்கள் 1970இல் ஆய்ந்து எழுதினார்கள். நம் குழுக்களில் இந்தத் தயக்கத்துக்கு நாம் மரியாதை என்று பெயர் வைத்துவிடுகிறோம்: இங்கே தமிழில் நாடகம் எழுத வருவோரே சிலர், அவரும் மனம் நொந்து நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சி, வாசிப்பு முடிந்ததும் 'நன்றாக வந்திருக்கிறது' என்று சொல்லிவிட்டுத் தேநீருக்குக் கிளம்பிவிடுகிறோம். உங்கள் நண்பரோ குறை சொல்பவரைத் தேடிக்கொண்டு போயிருக்கிறார். அவர் கேட்கக்கூடியவர்தான் என்பதை இன்னொருவர் மூலம் அறிய நேர்ந்ததே உங்களுக்கு வலிக்கிறது.

அவரை நேரில் பாருங்கள், வாட்ஸ்அப் வேண்டாம். தாமதத்தைப் பற்றிய பேச்சை எடுக்காமல், அந்தக் காட்சி எந்த வசனத்தில் தொய்ந்தது, அன்று நீங்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள். அவர் சினந்தாலும் சொல்லி முடியுங்கள். புதிய நாடகத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். அது இப்போது அந்த இயக்குநரின் பொறுப்பு.